பொருளாளர் நாற்காலியும் ஏரி வாரியமும்

செமஸ்டர், அப்புறம் ஊருக்குப் போனது என்று எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. போன தடவை பங்குச் சந்தை பற்றி எழுதியதற்கு "தூக்கம் வருது மச்சி" என்று வகுப்பிலேயே சொன்ன நல்ல உள்ளங்களுக்காக இந்த முறை வரலாறு. ஆனால் கணக்கும் வரும், தப்பிக்க முடியாது :)

முதலில் என் சொந்தக் கதை. எனக்கு ஊர் ஏற்காடு. மலையில் பெய்கிற மழை நாலா பக்கமும் ஓடையாக இறங்குகிறது. திருமணிமுத்தாறு எங்கள் சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது (சேலத்துக்காரர்கள் பலருக்கு அது சாக்கடையாகத்தான் அறிமுகம், பாவம்). காபிச் செடி பூக்க மார்ச், ஏப்ரலில் வரவேண்டிய மழை ஒரு வருடம் வருகிறது, ஒரு வருடம் ஏமாற்றுகிறது என்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் புலம்புகிறார்கள். எங்கள் தெருவில் பேச்சு முற்றி, ஓடைகளைச் சுத்தம் செய்வது, உள்ளூர் மரங்களுக்கு நாற்றங்கால் போடுவது என்று ஒரு குழுவாகக் கிளம்பினோம். முதல் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு நாற்பது பேர் வந்தார்கள். எனக்கே ஆச்சரியம்.

பிறகுதான் வந்தது வினை. குழுவைச் சங்கமாகப் பதிவு செய்யலாம் என்றார் ஒரு பெரியவர். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். நாற்பது பேரில் ஏழு பேர் கிடைக்காதா என்ன? தலைவர் என்றதும் மூன்று பேர் தயார். பொருளாளர் என்றதும் ஒருத்தருக்கு போன் வந்தது, ஒருத்தருக்கு பஸ் வந்தது. கடைசியில் "நம்ம பையன் பி.காம்தானே" என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாங்கண்ணு. வேற யாராவது பாத்துக்கட்டும்."

மாமா முன்பு ஒரு ஊர்க் குழுவில் பதினோரு வருடம் பொருளாளர். பதினோரு வருடமும் கணக்கைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "நீங்களே இருங்க" என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஒருநாள் டீக்கடையில் யாரோ "பணமெல்லாம் எங்கப்பா?" என்று கேட்க, அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "எடுத்துட்டான்னு யாரும் சொல்லல. எடுக்கலைன்னும் யாரும் சொல்லல" என்பார். அந்தத் தெரு வழியாக அவர் இப்போதும் போவதில்லை.

பொதுக் காரியத்துக்கு ஆள் பிடிப்பது எப்போதுமே இவ்வளவு கஷ்டமா என்று யோசித்தபோதுதான் உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. நாம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். குடவோலை முறை, பராந்தக சோழன், இரண்டு மதிப்பெண், அடுத்த கேள்வி. ஆனால் கல்வெட்டின் விவரத்தைப் படித்தால் அது நம் பொருளாளர் பிரச்சினையைப் பற்றியே பேசுகிறது.

உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. ஊரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு மாதிரி, பிரித்திருந்தார்கள். குடும்புக்கு ஒருவராக 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். இவை தவிர பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று வேறு. மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம் என்று நாம் இன்று சொல்கிற அதே சொல்தான். மழை நீரை ஏரியில் தேக்கி வருடம் முழுக்க ஓட்டவேண்டிய ஊரில் ஏரிக்கென்று தனியாக ஒரு போர்டு இருந்திருக்கிறது!

தேர்வு நடக்கும் விதம் சினிமா மாதிரி இருக்கும். தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்கவேண்டும். ஊரில் இருக்கிற கோயில் பூசாரிகள் ஒருவர் விடாமல் வந்து உட்காரவேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையன்தான் ஓலையை எடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்கவேண்டும், கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக்கூடாதே! அவர் வாசித்த பிறகு பூசாரிகள் எல்லோரும் அதே ஓலையை வாசிப்பார்கள். இவ்வளவு ஜாக்கிரதையாக விதி போடுகிறார்கள் என்றால் அதற்கு முன் யாரோ என்னவோ தில்லுமுல்லு செய்திருக்கிறார்கள் என்பது என் யூகம்.

ஆனால் பி.காம் மாணவனான எனக்குப் பிடித்தது குடம் அல்ல, அதற்குப் பின்னால் வருகிற கணக்கு. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மச்சான், மருமகன், அப்பா, மகன் என்று 921 கல்வெட்டு நீளமாக அடுக்குகிறது. ஒருத்தன் கணக்கு விட்டால் சொந்தபந்தம் மொத்தமும் அவுட். பொய்க் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இடமில்லை.

கணக்கு எழுதுகிறவருக்குத் தனி விதி. நேர்மையாகச் சம்பாதித்தவராக இருக்கவேண்டும். எழுதிய கணக்கைப் பெரிய வாரியத்தின் பெருமக்களிடம் காட்டி, சுத்தம் என்று ஆனபிறகுதான் மறுபடி எழுத முடியும். தான் எழுதிய கணக்கைத் தானே காட்டவேண்டும், இன்னொரு கணக்கர் நடுவில் புகுந்து முடித்து வைக்கக்கூடாது. ஆடிட்டிங் பேப்பரில் நாங்கள் மனப்பாடம் செய்வதை ஆயிரத்து நூறு வருடம் முன்பே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. வாரியத்தின் காலம் 360 நாள்தான். முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். முந்தைய மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. இதைப் படித்தபோது மாமாதான் ஞாபகம் வந்தார். 360-வது நாள் அவரை யாராவது இறக்கிவிட்டு, கணக்கை வாங்கிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று பத்து பேர் முன்னால் சொல்லியிருந்தால் போதும். ஆள் கிடைக்காததற்குக் காரணம் வேலை அல்ல, மண்வெட்டி தூக்க நாற்பது பேர் வந்தார்களே. ஏறினால் மரியாதையோடு இறங்க வழி தெரியவில்லை, அவ்வளவுதான். இன்றைய சட்டத்திலும் கமிட்டியின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது, வருடாவருடம் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். ஆனால் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வரத் தடை இல்லை.

உடனே "அந்தக் காலத்திலேயே ஜனநாயகம்" என்று மார்தட்ட நான் தயாரில்லை. உத்திரமேரூர் ஒரு பிரம்மதேய ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, இதெல்லாம் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். வயது 919-ல் 30 முதல் 60, 921-ல் 35 முதல் 70. ஏரியில் மண் அள்ளியவர்கள், வயலில் நாற்று நட்ட பெண்கள் யாருக்கும் ஓலை கிடையாது. அந்த விதியை எங்கள் மலைக்குக் கொண்டுவந்தால் எஸ்டேட் தொழிலாளிகளும், எங்களுக்கு முன்பிருந்தே ஓடைகளை அறிந்த மலையாளி பழங்குடி மக்களும் வெளியே நிற்பார்கள். (நானும்தான், வயது பத்தாது!)

பிறகு வந்த ஆட்சிகள் வேறு வழிகளைப் பார்த்தன. ஊர் சேர்ந்து ஏரியைப் பராமரிக்கிற குடிமராமத்து வழக்கம் தளர்ந்தபோது, வெள்ளைக்காரர்கள் 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஏரியும் வாய்க்காலும் அதனால் செழித்துவிடவில்லை. நம் காலத்தில் 2002-ன் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. வருடக்கணக்காகப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்து, தவறினால் மாநிலத்துக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் என்றதும் நாடு முழுக்க லட்சக்கணக்கில் குழுக்கள் முளைத்தன. அவ்வளவு வேகத்தில் எழுதப்பட்ட பெயர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்று தெரியும்?

பக்கத்திலேயே வேறு மாதிரி உதாரணமும் உண்டு. எங்கள் மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010-ல் சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் என்ற தன்னார்வக் குழு அதைத் தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டது. இன்று அங்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. கட்டாயப்படுத்தாமலும் ஆள் வருவார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். விதிமுறை வரைவில் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன். பொருளாளருக்கு ஒரு வருடம்தான். கணக்கை ஓடைக்கரையில், வேலைக்கு வந்த எல்லோர் முன்னாலும் வாசிக்கவேண்டும். இறங்கியவர் மூன்று வருடம் எந்தப் பதவிக்கும் வரக்கூடாது. இதைக் கேட்டதும் போன் வந்து போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஏழாவது பெயராக, தோட்டத்தில் பழம் பறிக்கிற ஒரு அக்கா "கூட்டம் சாயங்காலம் வெச்சா நான் வரேன்" என்றார். காலைக் கூட்டம் சாயங்காலத்துக்கு மாறியது.

வரைவை மாமாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பரணில் இருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே பதினோரு நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுகள். "உனக்குத்தான் கணக்கு தெரியுமே, பாரு" என்றார். இரண்டு ஞாயிறாக உட்கார்ந்து வரவு செலவு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எட்டு வருடம் சரியாக வந்துவிட்டது. ஒரு பொங்கலுக்கு வாங்கிய கரும்புக்கு மட்டும் ரசீது இல்லை. அந்தக் கரும்பைத் தின்றவர்களில் நானும் ஒருவன்.