இ.ஐ.ஆர். 21 (நீராவி எஞ்சின்)

கிழக்கிந்திய ரயில்வேக்காக 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட அகலப்பாதை எஞ்சின். ஃபேரி குயீன் என்ற எஞ்சினின் உடன்பிறப்பு. 1909-இல் ஓய்வுபெற்று, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. அதற்குள் பல உறுப்புகள் காணாமல்போயின. மிஞ்சியவற்றிலும் பல துருவேறின. தயாரித்த கிட்சன் நிறுவனமும் எப்போதோ மூடப்பட்டுவிட்டதால் உதிரிபாகத்துக்கு வழியில்லை; இல்லாதவற்றைப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. காட்சிக்கு வைக்கும் எஞ்சினுக்கு, காணாமல்போன உறுப்பின் வடிவம் கிடைத்தாலே போதும். தண்டவாளத்தில் ஓட வேண்டியதற்கு அது போதாது: நீராவியின் அழுத்தத்தையும் சக்கரங்களின் அதிர்வையும் ஒவ்வொரு உறுப்பும் தாங்கியாக வேண்டும். ஃபேரி குயீனை 1997-இல் மீண்டும் ஓடவைத்த சென்னை பெரம்பூர் லோகோ பணிமனை இதையும் சீரமைத்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று இந்த எஞ்சின் சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. நம் தொழிலாளர்களின் கைத்திறனுக்கு இது பெருஞ்சான்று.