மூன்றே பாடல்கள்: யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’

ஒரு முழு இசைத்தட்டு. அதில் மூன்றே மூன்று பாடல்கள்! முதல் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். வானொலி நிலையங்கள் மூன்று நிமிடப் பாட்டுகளைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், 1972 செப்டம்பரில், யெஸ் என்ற ஆங்கிலேய ராக் குழு இப்படி ஒரு ஆல்பத்தை வெளியிட்டது. பெயர் ‘குளோஸ் டு தி எட்ஜ்’. ‘விளிம்புக்கு அருகில்’ என்று பொருள். விற்பனைப் பட்டியலில் அது பிரிட்டனில் 4ஆவது இடத்தையும் அமெரிக்காவில் 3ஆவது இடத்தையும் பிடித்தது.

ஆனால் இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே அதில் டிரம்ஸ் வாசித்தவர் குழுவை விட்டுப் போய்விட்டார். வெற்றி வாசலில் நிற்கும்போது யாராவது வீட்டை விட்டு வெளியேறுவார்களா? பில் புரூஃபோர்ட் வெளியேறினார். ஏன் என்பதற்கான விடை, அந்த ஆல்பம் உருவான விதத்திலேயே இருக்கிறது.

ஐந்து பேர்

யெஸ் குழு 1968ல் லண்டனில் தொடங்கியது. பாடகர் ஜான் ஆண்டர்சன், பேஸ் கிடார் வாசித்த கிறிஸ் ஸ்குவயர், டிரம்ஸ் வாசித்த புரூஃபோர்ட் ஆகியோர் தொடக்கம் முதலே இருந்தவர்கள். கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹௌ 1970லும், கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேன் 1971லும் சேர்ந்தார்கள். வேக்மேன் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் படித்தவர். படிப்பை முடிக்காமலே வெளியே வந்துவிட்டார். புரூஃபோர்டுக்கு ஜாஸ் மீதுதான் காதல். இப்படி ஆளுக்கு ஒரு திசை!

அந்தக் காலத்தில் பிரிட்டனின் இளம் ராக் கலைஞர்கள் பலருக்கு ஒரு ஆசை இருந்தது. மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஒரு சிம்பொனி எப்படி விரிகிறதோ, அப்படி மின்கிடாரையும் டிரம்ஸையும் வைத்து நீண்ட படைப்புகளைச் செய்ய வேண்டும் என்ற ஆசை. இதைத்தான் பிற்காலத்தில் ‘சிம்போனிக் புரோகிரசிவ் ராக்’ என்று அழைத்தார்கள். ஒரு மெட்டு முதலில் வரும், பிறகு உருமாறி வரும், கடைசியில் வளர்ந்து பெரிதாகித் திரும்பும். இதுதான் அதன் அடிப்படை.

பிளேடால் எழுதிய சிம்பொனி

சிம்பொனி எழுதுபவர் தனியாக உட்கார்ந்து தாளில் எழுதுவார். யெஸ் குழுவில் அப்படி யாரும் முழுப் பாட்டையும் எழுதி வைத்துக்கொண்டு வரவில்லை. பாடலுக்கான கருவை ஆண்டர்சனும் ஹௌவும் கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டும் ஐந்து பேரின் விவாதத்துக்கு வரும். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காது. மணிக்கணக்கில் வாக்குவாதம் நடக்கும்.

லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் 1972 ஏப்ரல் முதல் ஜூன் வரை பதிவு நடந்தது. சில வினாடி இசையை முடிவு செய்வார்கள், பதிவு செய்வார்கள், பிறகு அடுத்த துண்டுக்குப் போவார்கள். பதிவுப் பொறியாளர் எடி ஆஃபோர்ட், காந்த நாடாவை பிளேடால் வெட்டி, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, முழுப் பாட்டாக ஆக்குவார். இன்று கணினியில் ஒரு சொடுக்கில் முடியும் வேலை. அன்று வெட்டு தவறினால் நாடா போனது போனதுதான்! ஒரே மூச்சில் ஓடுவது போலக் கேட்கும் அந்த 18 நிமிடம், உண்மையில் பல துண்டுகளின் தையல். தையல் தெரியாமல் தைத்ததுதான் இவர்களின் சாதனை என்றால் மிகையாகாது.

காதில் விழுவது என்ன?

பறவைகளின் சத்தமும் ஓடும் நீரின் சத்தமும் மெல்ல எழும். அமைதியாகத்தான் இருக்கப்போகிறது என்று நினைக்கும்போதே கிடாரும் பேஸும் டிரம்ஸும் ஒன்றின் மேல் ஒன்று பாய்வது போல வெடித்துக் கிளம்பும். முதல் தடவை கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்துதான் மெட்டு பிறக்கிறது. முதல் பகுதியில் பாடிய அதே மெட்டு இரண்டாம் பகுதியில் வேறு தாளக்கட்டின் மேல் வரும். மூன்றாம் பகுதியில் எல்லாம் அடங்கி, குரல்கள் மட்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போலப் பின்னும். அங்கே திடீரென்று ஒரு தேவாலய ஆர்கன் முழங்கும். அது லண்டன் செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் வேக்மேன் உண்மையாகவே வாசித்துப் பதிவு செய்தது. மகாகவி ஜான் மில்டன் அடக்கம் செய்யப்பட்ட தேவாலயமும் இதுவே. கடைசிப் பகுதியில் பல்லவி உச்சத்தில் திரும்பி வந்து, மீண்டும் பறவைகள், மீண்டும் ஓடும் நீர்.

அந்த நீருக்கும் ஒரு காரணம் உண்டு. ஹெர்மன் ஹெஸ்ஸே 1922ல் எழுதிய ‘சித்தார்த்தா’ நாவல்தான் ஆண்டர்சனுக்குத் தூண்டுதல். நதிக்கரையில் படகோட்டியோடு வாழ்ந்து, நதியிடமே பாடம் கற்கும் ஒரு மனிதனின் கதை அது. திருலோக சீதாராம் மொழிபெயர்ப்பில் தமிழிலும் வந்திருக்கிறது. நாவலைப் படித்தவர்களுக்கு, பாட்டு ஏன் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது என்பது சட்டென்று புரியும்.

இரண்டாம் பக்கத்தில் ‘அண்ட் யூ அண்ட் ஐ’, ‘சைபீரியன் கத்ரு’ என்று இரண்டு பாடல்கள். முன்னது 12 தந்திக் கிடாரில் மெதுவாகத் தொடங்கி, மெல்லோட்ரான் இசையில் மலை போல எழும். மெல்லோட்ரான் என்பது, ஒவ்வொரு கட்டைக்கும் கீழே பதிவு செய்த நாடா ஒன்றை வைத்த கீபோர்டு. பின்னது துள்ளல் பாட்டு. அதன் நடுவே பழைய ஐரோப்பிய வாத்தியமான ஹார்ப்சிகார்டும் எட்டிப் பார்க்கும்.

போனவரும் வந்தவரும்

இந்த வேலைமுறை புரூஃபோர்டைக் களைக்க வைத்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஐந்து பேரின் சம்மதம் தேவை என்பது ஜாஸ் மனம் கொண்ட ஒருவருக்குச் சிறை மாதிரி. அதே சமயம், இந்தக் குழுவோடு இதைவிடச் சிறப்பாகத் தன்னால் செய்ய முடியாது என்றும் அவர் எண்ணினார். பதிவு முடிந்ததும் கிங் கிரிம்சன் குழுவில் சேர்ந்தார். அங்கே மேடையிலேயே கற்பனையாக வாசிக்கும் சுதந்திரம் இருந்தது.

அவர் இடத்துக்கு வந்தவர் ஆலன் ஒயிட். ஜான் லெனனின் ‘இமேஜின்’ ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர். 1972 ஜூலை 30ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் கச்சேரி. ஒயிட்டுக்குக் கிடைத்ததோ மூன்றே நாள்! ஐந்து பேர் மாதக்கணக்கில் சண்டை போட்டுச் செதுக்கிய இசையை அவர் மூன்று நாளில் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தார். 1973ல் வெளிவந்த ‘யெஸ்சாங்ஸ்’ என்ற மேடைப்பதிவில் இந்த நீண்ட பாட்டை வாசித்திருப்பவர் அவர்தான்.

1970களின் பிற்பகுதியில் பங்க் இசை வந்தபோது இத்தகைய நீண்ட பாட்டுகள் கேலிக்கு ஆளாயின. வெட்டி ஆடம்பரம் என்றார்கள். ஆனால் ஆல்பம் அழியவில்லை. 2013ல் ஸ்டீவன் வில்சன் புதிதாக ஒலிக்கலவை செய்து கொடுத்தபோது, ஒரு புதிய தலைமுறை இதைக் கேட்டது. 2017ல் யெஸ் குழு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது புரூஃபோர்ட், ஒயிட் இருவர் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றன. ஸ்குவயர் 2015லேயே மறைந்துவிட்டார். ஒயிட் 2022ல் மறைந்தார். தான் பதிவு செய்யாத இசையைக் கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் கட்டிக்காத்தவர் அவர்.

இனி இந்த ஆல்பத்தைக் கேட்பவர்கள் முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாவது தடவை டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். விட்டுப் போக முடிவெடுக்கும் நிலையில் இருந்த ஒருவர், ஒரு அடியில்கூடக் குறை வைக்காமல் வாசித்திருப்பது கேட்கும்.