டோர்னியரும் ஏ.என்.-32ம்: வங்கக்கடலில் இரண்டு தேடல்கள்

சென்னையிலிருந்து கிளம்பிய இரண்டு இரட்டை இன்ஜின் விமானங்கள் பதிமூன்று மாத இடைவெளியில் வங்கக்கடலில் விழுந்தன. முதலாவது, 2015 ஜூன் 8 அன்று மாலை ரோந்துக்குப் புறப்பட்ட கடலோரக் காவல்படையின் டோர்னியர், சி.ஜி.-791. அதில் மூன்று பேர். இரண்டாவது, 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32, கே-2743. அதில் 29 பேர். இரண்டிலும் ஒருவரும் பிழைக்கவில்லை. டோர்னியர் 32 நாளில் அகப்பட்டது. ஏ.என்.-32 அகப்பட ஏழரை ஆண்டுகள் ஆயின.

இரண்டையும் அருகருகே வைத்தால், எது பாதுகாப்பான விமானம் என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்வியில் எனக்குப் பெரிய பிடிப்பில்லை. விழுந்த விமானம் கையில் கிடைத்ததா, கிடைத்ததற்கு என்ன காரணம் என்று கேட்டால்தான் இந்த இரண்டு கதைகளும் வாயைத் திறக்கின்றன.

முதலில் விமானங்கள். டோர்னியர்-228 ஜெர்மனியில் பிறந்தது. முதலில் பறந்தது 1981இல். எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் பெற்றுக் கான்பூரில் கட்டி வருகிறது. 19 பேர் உட்காரலாம். மேலே இறக்கை, இரண்டு பக்கமும் விசிறி இன்ஜின், நீண்ட மூக்கு. உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது என்பதால் அதிக உயரம் போகாது. கடலோர ரோந்துக்கு அது குறையே அல்ல. தாழ்வாக, நிதானமாக, மணிக்கணக்கில் பறக்க வேண்டிய வேலை அது. பெசன்ட் நகர் பக்கம் கடற்கரைக்குப் போகிறவர்கள் கரையை ஒட்டிப் பறக்கும் அந்த வெள்ளை விமானத்தை எப்போதாவது கவனித்திருப்பார்கள்.

ஏ.என்.-32 வேறு சாதி. சோவியத் உக்ரைனில் ஆன்டனோவ் கூடத்தில், இந்தியாவின் தேவையை மனத்தில் வைத்து உருவானது. 1976இல் முதல் பறப்பு, 1984 முதல் நம் விமானப்படையில் சேவை. வெப்பத்திலும் மலை உயரத்திலும் முந்தைய ரகங்களின் இன்ஜின்கள் திணறியதால், இறக்கைக்கு மேலே தூக்கிவைத்த இரண்டு ராட்சத இன்ஜின்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 குதிரைத்திறன். முழுச் சுமையோடு 27 டன். டோர்னியர் அதில் கால்பங்குகூட வராது. பின்பக்கம் கதவு திறந்து சரிவாக இறங்கும். சாமான் ஏற்றலாம், ஆளும் ஏற்றலாம். அன்றைக்கு கே-2743இல் போனவர்களில் எட்டுப் பேர் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவில் ஊழியர்கள்.

2016இல் தொலைக்காட்சி விவாதங்களில் உடனே எழுந்தது வயது வாதம். பழைய சோவியத் சரக்கு, விழாமல் என்ன செய்யும் என்றார்கள். அப்படியானால் முந்தைய ஆண்டு விழுந்த டோர்னியருக்கு என்ன பதில்? அது 2014இல்தான் படையில் சேர்ந்தது, கான்பூர் பெயின்ட் வாசனை போகாத விமானம். அதே 2015இல், மார்ச் 24 அன்று, கோவா கடலில் கடற்படையின் இன்னொரு டோர்னியர் விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். வயதை மட்டும் வைத்துப் பேசினால் எதையும் விளக்க முடியாது. இன்ஜின் இரண்டு இருக்கிறதே என்ற ஆறுதலும் ஓரளவுக்குத்தான். ஒன்று நின்றால் மற்றொன்று இழுத்துக்கொண்டு போகும், சரி. மேகத்துக்குள் திசை தப்பினாலோ மலை எதிரே வந்தாலோ இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் பயன் ஒன்றுமில்லை.

விபத்துக் கணக்கை இன்னும் கொஞ்சம் விரித்தால் ஒன்று புலப்படும். நேபாளத்தில் மூன்று டோர்னியர்கள் விழுந்தன: 2010 ஆகஸ்டில் 14 பேர், 2012 மே மாதம் ஜோம்சோமில் 15 பேர், அதே ஆண்டு செப்டம்பரில் காத்மாண்டுவில் 19 பேர் இறந்தார்கள். மூன்றும் நிலத்தில் விழுந்தன. ஆகையால் மூன்றுக்கும் விசாரணை நடத்த முடிந்தது. 2010இல் ஜெனரேட்டர்கள் செயலிழந்ததும், அதன்பின் மேகத்துக்குள் விமானிகளுக்குத் திசை தப்பியதும் தெரியவந்தன. அடுத்து அதே விமானத்தை ஓட்டப்போகிறவருக்கு அது பாடம்.

ஏ.என்.-32 பக்கம் பாருங்கள். 1986 மார்ச் 25 அன்று சோவியத்திலிருந்து புத்தம்புதிதாக வந்துகொண்டிருந்த ஒன்று, மஸ்கட்டில் இறங்கிவிட்டு ஜாம்நகருக்கு வரும் வழியில் ஏழு பேரோடு அரபிக்கடலுக்கு மேல் மறைந்தது. இன்றுவரை தடயம் இல்லை. 2009இலும் 2019இலும் அருணாசலத்தின் மெச்சுகா பக்கம் விழுந்த இரண்டிலும் தலா 13 பேர் இறந்தார்கள். மலையில் விழுந்ததால் உடைந்த பாகங்களாவது அகப்பட்டன. ஆக, விபத்து வரலாறு என்று நாம் படிப்பதில் பாதி, விழுந்த இடத்தைப் பொறுத்தது. கடல் விழுங்கியதற்குத் தேதியும் தலைக்கணக்கும் மட்டுமே மிஞ்சும்.

மறுபடி சென்னை. டோர்னியர் கடைசியாகத் தெரிந்தது திருச்சி ரேடாரில், காரைக்காலுக்கு அப்பால், இரவு 9.23க்கு. பத்து மணிக்கு அது திரும்பியிருக்க வேண்டும். கரைக்கு அருகே விழுந்ததால் தேட வேண்டிய பரப்பு சிறியது என்று தோன்றும். ஆனால் கடலூர், பிச்சாவரம் பக்கம் கடல் ஏமாற்றும். கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போவதற்குள் அடித்தளம் ஆயிரம் மீட்டருக்குச் சரிந்துவிடுகிறது. அங்கே காட்டிக்கொடுத்தது ஒரு சின்னக் குழல்.

அந்தக் குழலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நீளம் பத்து சென்டிமீட்டர், பருமன் மூன்றரை, எடை கால் கிலோவுக்கும் கீழே. கருப்புப் பெட்டி எனப்படும் பதிவுப் பெட்டியின் பக்கவாட்டில் பொருத்தியிருப்பார்கள். தண்ணீர் பட்டதும் தானாக உயிர்பெற்று, வினாடிக்கு ஒருமுறை 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒலி விடும். மனிதக் காது கேட்பது 20 வரைதான். கருவி வைத்துத்தான் கேட்க வேண்டும். பேட்டரி முப்பது நாளுக்கு உத்தரவாதம். அந்த ஒலியைக் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கி பிடித்தது. இடம் சுருங்கியது. ரிலையன்ஸ் கொடுத்துதவிய ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல், கயிறு கட்டிய ரோபோவை இறக்கி, ஜூலை 10 அன்று பதிவுப் பெட்டியை மேலே கொண்டுவந்தது. முப்பது நாள் பேட்டரி, முப்பத்திரண்டாம் நாள் மீட்பு. எவ்வளவு நூலிழையில் நடந்த காரியம் என்று பாருங்கள்.

கே-2743இல் அந்தக் குழல் இல்லை. அவசரகால ரேடியோ கருவிகள் இருந்தன. ஆனால் அவை செயற்கைக்கோளோடு பேசுபவை, கடலுக்கு அடியிலிருந்து ரேடியோ அலை மேலே வராது. காலை 9.12 அளவில், 23,000 அடி உயரத்தில், மழை மேகங்களிடையே இடப்பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்ததைச் சென்னை ரேடார் காட்டியது. உதவி கேட்டு ஒரு சொல்கூட வரவில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானப்படையும் தேடின. சாகர் நிதி, சமுத்திர ரத்னாகர் என்ற ஆய்வுக் கப்பல்கள் கடலடியைத் துழாவின. செப்டம்பர் நடுவில், எல்லோரும் இறந்ததாகக் கருத வேண்டும் என்று குடும்பங்களுக்குக் கடிதம் போனது.

குழல் ஒன்று இருந்திருந்தால் ஒரு மாதத்தில் கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். அதன் ஒலி நல்ல சூழலில் இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் எட்டும். ஏ.என்.-32 கிடந்ததோ 3,400 மீட்டர் ஆழத்தில். மேலே மிதக்கும் கப்பலுக்கு அது கேட்பது சந்தேகம். கேட்கும் கருவியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கி இழுத்துப் போக வேண்டியிருக்கும். அப்படியும் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். நடுக்கடல் தாண்டி ஆள் ஏற்றிப் போகும் விமானத்தில் அது இல்லாததற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. டோர்னியர் தேடலில் அதன் அருமை தெரிந்து ஓராண்டு ஆகியிருந்தது.

ஏ.என்.-32ஐக் கடைசியில் கண்டது, அது கிளம்பிய தளத்துக்கு வெகு அருகில் இருக்கும் ஒரு நிறுவனம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கிறது என்.ஐ.ஓ.டி. எனப்படும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். 1993இல் தொடங்கியது, ஆரம்பத்தில் அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் இருந்தது. கடலடியில் கனிமம் தேட அது நார்வேயிலிருந்து வாங்கிய ஆளில்லாத் தானியங்கிக் கலம், விமானம் கடைசியாகத் தெரிந்த இடத்தில் இறக்கப்பட்டது. ஒலியால் கடலடியை வரைந்து, சந்தேகமான இடத்தைப் படம் எடுத்தது. 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது: உடைந்த பாகங்கள் தெரிகின்றன, ஏ.என்.-32இன் பாகங்களோடு ஒத்துப்போகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, எனவே இது கே-2743 ஆக இருக்கலாம். அறிவிப்பில் சென்னைக் கரையிலிருந்து தூரம் 140 கடல் மைல், சுமார் 310 கிலோமீட்டர் என்று இருந்தது. 140 கடல் மைல் என்றால் 259 கிலோமீட்டர்தான் வரும். சிதம்பரத்துக்குச் சற்று அப்பால் என்பதற்கும் திருச்சியை நெருங்கிவிட்டோம் என்பதற்கும் உள்ள வித்தியாசம். ஏழரை ஆண்டு காத்திருந்தவர்களுக்கு அனுப்பும் காகிதத்தில் இந்தப் பெருக்கலையாவது சரிபார்த்திருக்கலாம்.

ஆழம் மட்டும்தான் தடை என்றும் சொல்ல முடியாது. ஏ.என்.-32இன் மூதாதையான ஏ.என்.-24 ஒன்று 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குப் போகும்போது, 55 பேரோடு மன்னார்க் கடலில் விழுந்தது. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். இரணைதீவு அருகே, ஆழம் குறைந்த கடல். அதன் சிதைவு அடையாளம் காணப்பட்டது 2012இல், போர் முடிந்த பிறகு. அங்கே தேடுவதற்கு யுத்தம் இடம் கொடுக்கவில்லை.

இப்போது கே-2743இன் இடம் தெரியும். பதிவுப் பெட்டியைத் தூக்குவதுதான் மிச்ச வேலை. தானியங்கிக் கலம் படம்தான் எடுக்கும், எதையும் பிடித்து எடுக்காது. பிடித்து எடுக்கும் வகைக் கலமும் பள்ளிக்கரணையில் உண்டு: ரோசப்-6000. 2010இலேயே அது 5,289 மீட்டர் வரை இறங்கிக் காட்டியது. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் பெட்டிகள் ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் இரண்டு ஆண்டு கிடந்தன. 2011இல் எடுத்துத் திறந்தபோது பதிவு முழுசாக இருந்தது. விமானிகள் கடைசி நான்கு நிமிடம் என்ன செய்தார்கள் என்று உலகத்துக்கே தெரிந்தது. வங்கக்கடலில் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் என்பது அதைவிட நீண்ட காலம்தான். ஆனாலும் அதே ஏ.என்.-32 ரகம் இன்னும் நம் படையில் ஆள் ஏற்றிப் பறந்துகொண்டிருக்கிறது. அன்று காலை 9.12க்கு என்ன நடந்தது என்பது அவற்றை ஓட்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி.