சுருதி காத்த தோற்பை

ஞாயிறு திருப்பலி தொடங்குமுன் பாடற்குழுவினர் கூடியிருக்க, ஒருவர் ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்துகிறார். நீண்ட ஒற்றை ஒலி எழுகிறது. சிதறிக் கிடந்த குரல்களெல்லாம் அதில் வந்து ஒடுங்குகின்றன. பாடல் தொடங்கியதும் அவ்வொலியை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால், அது தவறினால் பாடலே தவறிவிடும். தமிழகத்தில் இந்த ஒற்றை ஒலியைத் தாங்கி நின்ற ஓர் எளிய கருவியை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

அதன் பெயர் துத்தி. சாத்திர நூலார் அதனைச் சுருதி உபாங்கம் என்பர். ஆட்டுத்தோலைக் கிழியாமல் முழுதாக உரித்துப் பதப்படுத்தி, பையாகக் கட்டுவார்கள். ஒரு துளையில் ஊதுகுழலும், மற்றொன்றில் நாணல் நாக்குப் பொருத்திய ஒலிக்குழலும் அமையும். ஊதுபவர் பையை நிரப்பிக் கையால் அணைத்து அழுத்துவார். அவர் மூச்சு வாங்கும்போதும் பையிலுள்ள காற்று ஒலியை அறாமல் காக்கும். இதில் பண் இசைக்க இயலாது. சுருதி மட்டுமே பிடிக்கலாம். தெருக்கூத்தில் முகவீணைக்கும், சதிர் ஆட்டத்தின் பக்க இசைக்கும் இதுவே துணைநின்றது. தென்னிந்திய இசைக்கருவிகளைப் பற்றி 1891இல் நூல் வெளியிட்ட கேப்டன் டே என்ற ஆங்கிலேயரும் இதனை விவரித்துள்ளார்.

இக்கருவியைக் காப்பது எளிதன்று. தோல் காய்ந்தால் வெடிக்கும். ஈரம் தங்கினால் அழுகும். கட்டுகளில் காற்றுக் கசிந்தால் சுருதி நிலைக்காது. நாக்கின் நுனியில் சிறிது மெழுகு ஒட்டினால் சுருதி இறங்கும், எடுத்தால் ஏறும். 119ஆம் திருப்பாடலின் ஆசிரியர் தம் துயரத்தைப் புகையில் காய்ந்த தோற்பைக்கு ஒப்பிடுகிறார். தோற்பையைப் பேணி வாழ்ந்தவர்களுக்கு அவ்வுவமையின் வலி நன்கு விளங்கியிருக்கும்.

வாயால் ஊதும் தோற்பைக்கு ஒரு குறையுண்டு. மூச்சின் ஈரம் நாக்கை நனைத்து ஒலியைக் கெடுத்துவிடும். இக்குறை நீங்க, ஐரோப்பியர் சிலர் கொல்லனது உலைத்துருத்தியைப் போன்ற சிறு துருத்தியைப் பையோடு இணைத்தனர். அயர்லாந்தின் 'இல்லன்' குழல் இத்தகையது. அம்மொழியில் அச்சொல் முழங்கையைக் குறிக்கும். ஒரு முழங்கை துருத்தியை இயக்க, மறு முழங்கை பையை அழுத்த, உலர்ந்த காற்று நாக்குகளைச் சேரும். கத்தோலிக்க அயர்லாந்து பெரிதும் போற்றிய இக்கருவியும் அழிவின் விளிம்பைக் கண்டது. 1968இல் குழலிசைஞர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தபோது, வாசிக்கத் தெரிந்தவர் நூறு பேரும் இல்லை என்பர். அவர்கள் முதியோரிடம் கற்றார்கள். நாணல் நாக்குச் செய்யும் தொழிலை இளைஞருக்குக் கற்பித்தார்கள். 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

நம் நாட்டிலோ கதை வேறாயிற்று. 1842இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் உரிமை பெற்ற ஆர்மோனியம் காலால் மிதித்து இயக்கப்பட்டது. கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் அதனைக் கையால் இயக்கும் சிறு பெட்டியாக அமைத்தார். நாடக மேடையும் ஆலயங்களும் அதனை வரவேற்றன. கட்டைகளை நீக்கித் துருத்தியையும் சில நாக்குகளையும் மட்டும் வைத்தபோது சுருதிப்பெட்டி பிறந்தது. நம் இசையின் கமகங்களுக்கு ஆர்மோனியம் பொருந்தாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது. ஆயினும் மக்கள் அதனைக் கைவிடவில்லை. துத்திக்கு அத்தகைய ஆதரவு கிட்டவில்லை. அது அரங்கிலிருந்து ஓசையின்றி மறைந்தது.

பெட்டி வந்ததால்தான் துத்தி போயிற்று என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? நாதசுவர மேதைகளின் பெயர்களை நாம் அறிவோம்; அவர்களுக்கு ஒத்து ஊதியவர்களை எவர் அறிவார்? மூச்சறாமல் ஒரே ஒலியை மணிக்கணக்காகத் தாங்குவது அருந்தொழில். ஆனால் நம் பேச்சுவழக்கில் 'ஒத்து ஊதுகிறான்' என்பது ஏளனச் சொல்! சுருதி பிடிப்பவரை இகழ்ந்த சமூகம் சுருதிக் கருவியை எப்படிக் காக்கும்?

திருச்சபையும் இசைக்கருவிகளைக் குறித்து நெடிது சிந்தித்திருக்கிறது. 1903இல், புனித செசிலியாவின் திருநாளன்று, பத்தாம் பத்திநாதர் பியானோவையும் முழவு போன்ற கருவிகளையும் ஆலயத்தில் விலக்கினார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கமோ, குழலார்கனைப் பெரிதும் போற்றியதோடு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கவும், தகுதியுள்ள பிற கருவிகளை ஏற்கவும் வழி திறந்தது. அவ்வழியை நாம் எவ்வளவு பயன்படுத்தினோம் என்பது நம் மனச்சான்றுக்குரிய வினா.

இன்று பல பங்குகளில் மின்னிசைப் பலகை ஒலிக்க, ஆர்மோனியம் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. அதற்கு வேண்டிய பணிவிடை பெரிதன்று. மழைக்காலத்தில் ஈரமற்ற இடத்தில் துணியால் மூடி வைக்க வேண்டும். எலியும் கரப்பானும் துருத்தியை அரிக்காமல் பார்க்க வேண்டும். ஒரு கட்டை ஊமையானால் பெரும்பாலும் பித்தளை நாக்கில் தூசி சிக்கியிருக்கும். மெல்லிய தூரிகை போதும். நாக்கைச் சுரண்டிச் சுருதி சேர்க்கும் வேலையை மட்டும் தொழில் அறிந்தவரிடம் விட வேண்டும். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். மிகுதியாகச் சுரண்டியதை மீட்க இயலாது.

மறைமலை நகரைச் சுற்றியுள்ள செங்கை, காஞ்சி வட்டாரம் தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. துத்தியின் ஒலியைக் கேட்ட முதியோர் நம் ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். நம் இளைஞர் அவர்களைத் தேடிச்சென்று, கேட்டு, எழுதி வைக்கலாகாதா? அயர்லாந்தில் நூறு பேருக்கும் குறைவானோர் செய்தது நமக்கு அரிதா? அதற்கு முன்னோடியாக, வரும் ஞாயிறன்று நம் ஆலயத்து மூலையிலுள்ள பெட்டியைத் திறந்து தூசி தட்டுவோம். சுருதி பிடிப்பவரின் பெயரையும் கேட்டறிவோம்.