தாம்பரம் வட்டாரத்தில் நன்கொடையும் மருந்தாராய்ச்சியும்

படப்பை, தாம்பரம், குரோம்பேட்டை என நீளும் சென்னையின் தென்புறத்தில் நோய்க்கு எதிரான பெரிய முயற்சி தனியார் கையில்தான் தொடங்கியது. 1928 ஏப்ரலில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு காசநோய் சானடோரியம் ஒன்றைத் திறந்தார். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் இதேபோன்ற மருத்துவமனையை நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே சிகிச்சை பெற்றதுண்டு. அந்நாளில் காசநோய்க்கு மருந்து கிடையாது. காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். 1937இல் சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதன் பெயர் ரயில் நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதும் நிலைமை மாறியது. அந்த மருந்தின் உரிமத்தொகையைக் கொண்டே ரட்கர்ஸ் 1954இல் நுண்ணுயிரியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் திறந்தது. பல்கலைக்கழகம் கண்டுபிடித்த மருந்தே அதன் அடுத்த ஆய்வகத்தைக் கட்டிக்கொடுத்தது அபூர்வம்தான். சென்னையில் அப்படி நடக்கவில்லை. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், சானடோரியப் படுக்கை கட்டாயமில்லை என்று அந்த மையம் 1959இல் காட்டியது.

குரோம்பேட்டையில் நன்கொடையின் கதை தொழில்நுட்பக் கல்வி வழியாக வந்தது. தொழிலதிபர் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தில் 1949இல் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியை நிறுவினார். எம்.ஐ.டி. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1990களின் இறுதியில் எக்ஸோடஸ் என்ற இணைய நிறுவனத்தின் நிறுவனர் கே.பி. சந்திரசேகர் அளித்த தொடக்க நிதியில் அதே வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் உருவானது. கணினி வலைப்பின்னல், மொழித் தொழில்நுட்பம் ஆகியவற்றோடு உயிர் அறிவியலும் அதன் துறைகளில் ஒன்று.

ஒரு மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் செலவு பொதுவாகத் தனிமனிதர் தரும் நன்கொடைக்கு அடங்காது. ஆனால் நோய்க்கிருமியின் புரதம் ஒன்றின் வடிவத்தைக் கணினியில் வைத்து, எந்த மூலக்கூறு அதில் பொருந்தும் என்று தேடும் ஆரம்ப வேலைக்கு நல்ல கணினிகளும் தேர்ந்த ஆய்வாளர்களும் இருந்தால் போதும். இத்தகைய கணினிவழி ஆய்வான உயிரித் தகவலியலில் எளிய நிதியோடும் அந்த மையத்தால் கால் வைக்க முடிந்தது இதனால்தான். எக்ஸோடஸ் 2001இல் திவாலாயிற்று, மையம் தொடர்ந்தது.

2019இல் நிறுவனச் சட்டத்தின் கீழ் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை அரசுப் பல்கலைக்கழகங்களின் அறிவியல், மருத்துவ ஆராய்ச்சிக்கும் தரலாம். 2024இல் சென்னை ஐஐடிக்கு முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி ரூபாய் அளித்தார். இப்படிப் பெருந்தொகை பெரும்பாலும் பெயர்பெற்ற நிறுவனங்களையே தேடிப் போகிறது. மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகங்களோ வேதிப்பொருள், கருவிப் பராமரிப்பு, ஆய்வு மாணவர் உதவித்தொகை என எல்லாவற்றுக்கும் அரசுத் துறைகளின் திட்ட மானியத்தை நம்பியிருக்கின்றன. கட்டடத்துக்குக் கொடுக்க முன்வருபவர்கள் இந்த அன்றாடச் செலவுக்கும் ஒரு வைப்புநிதி ஒதுக்க வேண்டும்.