சுழல் தகடும் மூழ்கிய மரங்களும்: பாஸ் மீன் இரையின் வடிவ மாற்றம்

பாஸ் மீனுக்கு வீசப்படும் சுழல் தகட்டு இரையின் வரலாற்றை, மீனை மயக்கும் வித்தை படிப்படியாகக் கூர்மையடைந்த கதையாகச் சொல்வதே வழக்கம். இரைகளையும் அவை வீசப்பட்ட நீர்நிலைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. மயக்கும் வித்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே பெருமளவு கைவந்துவிட்டது. பின்வந்த உழைப்பில் பெரும்பங்கு, அந்தத் தகட்டை எதிலும் சிக்காமல் மீன் பதுங்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே செலவாயிற்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் அமெரிக்காவின் வடகிழக்கில். ஏரியில் தவறி விழுந்த கரண்டியை மீன் ஒன்று கவ்வக் கண்டு ஜூலியோ பியூல் தகட்டு இரை செய்தார் என்றொரு கதை உண்டு. கண்டுபிடிப்பாளர்களுக்கு இப்படியொரு கதை பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது புதிதல்ல. 1852-இல் அவர் பெற்ற காப்புரிமைதான் நாம் ஊன்றி நிற்கக்கூடிய தரை. 1874-இல் நியூயார்க் மாநிலத்தின் கிளேட்டன் ஊரைச் சேர்ந்த ஸ்கின்னர், வரிவரியாகப் பள்ளமிட்ட தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வகை இரைகளைப் படகை வலித்துக்கொண்டே பின்னால் இழுத்துச் செல்வார்கள். ஸ்கின்னரின் ஊர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. அத்தகைய ஆழமான திறந்த நீரில் இரை சிக்க இடம் குறைவு. ஆகவே முள்ளை மறைக்கவேண்டும் என்ற எண்ணம் எழக் காரணமும் இல்லை.

அக்காலத்தில் சீமான்களின் மீன் டிரவுட்தான். மருத்துவரான ஜேம்ஸ் ஹென்ஷல் 1881-இல் பிளாக் பாஸுக்கென்றே ஒரு நூல் எழுதி, போராடும் திறத்தில் அதற்கு நிகரில்லை என வாதிட்டபின் பாஸின் மதிப்பு உயர்ந்தது. 1899-இல் இண்டியானாவின் லோகன்ஸ்போர்ட்டில் ஹில்டெபிராண்ட் சிறிய, எடை குறைந்த சுழல் தகடுகளைச் செய்யத் தொடங்கினார்.

தகட்டின் வேலை எளிது. இழுக்கும்போது நீர் அதைத் தள்ளிச் சுழற்றுகிறது. சுழலும் தகடு ஒளியைச் சிதறடிப்பதோடு நீரில் அதிர்வையும் எழுப்புகிறது. மீன் தன் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பால் அந்த அதிர்வை உணர்கிறது. கலங்கல் நீரில் பார்வை தோற்கும் இடத்திலும் தகடு பலிப்பது இதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, கம்பி அச்சையே சுற்றிவரும் தகடு. பிரான்சில் ஆந்த்ரே மெல்னார் 1938-இல் வடிவமைத்த மெப்ஸ் அக்லியா இதற்குச் சிறந்த சான்று. இரண்டாம் உலகப்போருக்குச் சென்று திரும்பிய படைவீரர் ஒருவர் வழியாக இது விஸ்கான்சினின் ஆண்டிகோ ஊரில் தூண்டில் கடை வைத்திருந்த டாட் ஷெல்டனிடம் வந்தது. 1951-இல் அதை வீசிப் பார்த்து வியந்த அவர் விற்கவும் முனைந்தார். முதலில் சரக்கு அனுப்பிய பிரெஞ்சுப் பெண்மணி விலையாக ஏற்றது நைலான் காலுறைகளை! அதே நைலான் தங்கூசி நரம்பாகவும் வந்ததும், நிலைச் சுருள் ரீல் பரவியதும் சேர்ந்து, சில கிராம் எடையுள்ள இரையையும் கரையிலிருந்தே தொலைவுக்கு வீச வழிசெய்தன.

மற்றப் பாதை பழையது, ஆனால் நெடுநாள் ஓரமாகக் கிடந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் சிகாகோவின் ஜேமிசன் நிறுவனம் விற்ற ஷானன் இரட்டைச் சுழலியில், தலையிலிருந்து மேலெழும் இரு கம்பிக் கைகளில் தகடுகள் முள்ளுக்கு அரணாகச் சுழன்றன. இந்த அமைப்பின் அருமையை உணர்த்தியது மீனல்ல, அணைதான்.

1933-இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தோன்றியதிலிருந்து தென் மாநிலங்களில் நீர்த்தேக்கங்கள் பெருகின. அவற்றில் பலவற்றில் காடுகளும் புதர்களும் நின்றபடியே மூழ்கின. நிழலிலும் மறைவிலும் பதுங்கி இரைபிடிக்கும் பெருவாய் பாஸுக்கு அது சொர்க்கம். மும்முள் தொங்கும் அக்லியாவுக்கோ மயானம். ஊக்கு போல் மடிந்த கம்பியில் மேலே தகடும், கீழே ஈயத் தலையும், மேல்நோக்கிய ஒற்றை முள்ளும் கொண்ட ஸ்பின்னர்பெய்ட் இங்கேதான் தன் இடத்தைப் பிடித்தது. கிளையில் முதலில் மோதுவது கம்பி. முள் அதன் பின்னால் தப்பித்துக்கொள்கிறது. 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் நடத்திய பாஸ் பிடிப்புப் போட்டியில் வென்ற ஸ்டான் ஸ்லோன், சோரோ என்ற பெயரில் இவ்வகை இரைகளை விற்றவர். போட்டிக் களமும் விற்பனைக் களமும் ஒன்றாகிவிட்ட காலம் அது. விளம்பரத்தின் பங்கைக் கழித்துவிட்டு இரையின் தகுதியை மட்டும் எடைபோடுவது இனி இயலாது.

இன்றைய தேர்வு விதிகளிலும் இந்த வரலாறு படிந்திருக்கிறது. வட்டமான கொலராடோ தகடு நீரை அகலமாக அறைவதால் கலங்கலிலும் இருளிலும், குளிர்நீரில் அடிமட்டத்தை ஒட்டி மெல்ல இழுப்பதற்கும் ஏற்றது. ஒடுங்கிய வில்லோ தகடு ஒளியை அதிகமாகவும் அதிர்வைக் குறைவாகவும் தருகிறது. தெளிந்த நீரில் விரைவாக இழுக்கலாம், நீர்ப்பாசியிலும் எளிதில் மாட்டாது. இண்டியானா தகடு இடைப்பட்டது. மரத்தை விலக்கி இழுப்பவருக்கு ஸ்பின்னர்பெய்ட்டின் பயன் பாதிதான் கிடைக்கும். அதை மரத்தின் மேலேயே மோதவிட்டு, தடம் மாறித் துள்ளும் கணத்தில் ஒரு நொடி தளர்த்த வேண்டும். பாஸ் பாய்வது பெரும்பாலும் அப்போதுதான்.

மூழ்கிய மரங்களில்லாத, கூழாங்கல் படுகையில் ஓடும் வடக்கத்திய ஆறுகளில் நிலைமை வேறு. அங்கே சிறுவாய் பாஸுக்கு அச்சைச் சுற்றும் பழைய வகையே இன்றும் செல்லுபடியாகிறது. அது நரம்பை முறுக்கேற்றிவிடும் என்பதால், இரைக்கு ஒன்றிரண்டு அடி முன்னால் சிறிய சுழல் இணைப்பான் ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள்.