ஆட்டிசமும் அன்னைமீது விழுந்த பழியும்

உரிய வயது வந்தும் ஒரு குழந்தை பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. உடனே ஊர்ப்பேச்சு தாயைச் சுற்றியே எழும். “அவள் கொஞ்சிப் பேசி வளர்த்திருந்தால் பிள்ளை பேசியிருக்கும்” என்பார்கள். எங்கள் குன்னம் பக்கத்திலும் இதைக் கேட்கலாம். இதைப் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. சென்ற நூற்றாண்டில் மேலைநாட்டு அறிஞர்கள் பலரும் இதையே கூறிவந்தனர். அந்தப் பழி எவ்வாறு நீங்கியது என்பதை இங்கு காண்போம்.

1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், பிறரோடு ஒட்டாமல் தனித்திருந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்ற பெயர் நிலைபெற்றது. இது பிறவியிலேயே அமைவது என்று கருதிய கானரே, பெற்றோரின் பாசமற்ற போக்கையும் குறிப்பிட்டார். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் வெளியிட்ட நூல் தாய்மீதான பழியை மேலும் பரப்பியது. ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்ற கொடிய சொல்லும் வழங்கலாயிற்று.

இயற்பியல் சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துப் பார்ப்போம். இயற்கையே அமைத்துத் தந்த அத்தகைய சோதனை இரட்டைக் குழந்தைகள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களுக்கு ஜீன்கள் ஒன்றே. இரு கருக்களில் தோன்றியவர்களுக்கு ஏறத்தாழப் பாதியே பொது. வளர்க்கும் தாயோ இருவகையிலும் ஒருத்திதான்.

1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் பிரிட்டனில் 21 இரட்டையரை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறில்லை. வளர்ப்பே காரணமானால் இவ்வேறுபாடு ஏன்? எண்ணிக்கை சிறிதுதான்; எனினும் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளும் மரபின் பங்கை உறுதிசெய்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஜீன்கள் ஆட்டிசத்துடன் தொடர்புடையவையாக அறியப்பட்டுள்ளன.

ஆனால் 11 இணைகளில் 4 மட்டும் ஏன்? ஜீன்களோடு வேறொன்றும் சேர வேண்டும். 1971-இல் ஸ்டெல்லா செஸ், கருவிலேயே ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை தாக்கிய 243 குழந்தைகளுள் 10 பேருக்கு ஆட்டிசம் இருப்பதைக் கண்டார். அக்காலக் கணக்கில் பொதுவாக 10,000 குழந்தைகளுக்கு 4 அல்லது 5 பேருக்கே அது காணப்பட்டது!

கருவுற்ற தாய்க்குக் கடும் தொற்று வரும்போது, அவள் உடலின் எதிர்ப்பாற்றல் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கிறது. இவை சிசுவின் மூளை வளர்ச்சியை மாற்றக்கூடும் என எலிகளில் நடந்த சோதனைகள் காட்டுகின்றன. மனிதரில் ஆய்வு தொடர்கிறது. தொற்று வந்தாலே ஆட்டிசம் வரும் என்று இதற்குப் பொருளன்று. நோயுற்றது தாயின் குற்றமும் அன்று.

ரூபெல்லா நமக்கும் அயலானதன்று. குழந்தைகளின் கண்புரைக்கு அது முக்கியக் காரணம் என மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் நடந்த ஆய்வு காட்டியது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோர்க்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியபோது, வதந்திகளை நம்பி அஞ்சிய பெற்றோர் பலர். அம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற ஐயத்தைக் கிளப்பியது 12 குழந்தைகளைப் பற்றிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை. அது 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவு, அத்தகைய தொடர்பே இல்லை என்றது. உண்மையில் அத்தடுப்பூசி, ஆட்டிசத்துக்கான ஒரு காரணத்தையே தடுக்கிறது.

அடுத்த முறை யாரேனும் தாயைப் பழித்தால், அந்த 21 இரட்டையரின் கதையைச் சொல்லுங்கள். பழிச்சொல்லால் வீணாகும் நாட்களில் குழந்தையை மருத்துவரிடம் காட்டி, பயிற்சியைத் தொடங்கிவிடலாம் அல்லவா?